எட்டுக் கிலோ

லின்ஸ்,
12 செப்டம்பர் 1994

அன்புள்ள ரூபர்ட் மாமாவுக்கு,

ரோஸ்விதா எழுதுகிறேன். தபால்காரி ஹெர்மினேயின் மகள். ஒன்பது குளிர்காலம் உங்கள் விடுதியின் நான்காம் எண் அறையில் தங்கிவிட்டு, ஒன்பதாவதில் ஆம்புலன்சில் கிளம்பிப் போனோமே, அந்த ஹெர்மினே. இப்படிச் சொன்னால் ஞாபகம் வராமல் இருக்காது.

வருகிற பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி அம்மாவுக்கு அறுபது வயது. அதே மாதம் வேலையிலிருந்தும் ஓய்வு. என்ன வேண்டும் என்று கேட்டேன். நல்ல கோட்டு ஒன்றோ, இத்தாலிக் கடற்கரையில் ஒரு வாரமோ கேட்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஹிண்டர்காருக்குப் போகணும்டி. ஒன்பது வருஷம் போயாச்சு. இன்னும் ஒரு தடவை போனா அந்த பேட்ஜ் குடுப்பாங்கல்ல, பத்து வருஷ விருந்தாளின்னு. அதைக் குத்திக்காம நான் போய்ச் சேரப்போறதில்ல."

பதின்மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத உங்கள் ஊர்ப் பெயர் அது. உப்பை எடு என்பதுபோல் சொல்கிறாள்.

அம்மா இனி ஸ்கீ மாட்டிப் பனியில் சறுக்க மாட்டாள், சறுக்கவும் முடியாது. வலது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. உங்கள் வாசல் பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்து, பர்கி அத்தை வைக்கும் பாலாடைக்கட்டி உருண்டை சூப்பைக் குடித்துக்கொண்டே, சரிவில் விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கப்போகிறாளாம். எங்கள் மாநிலத்துப் பள்ளி விடுமுறை வாரம் எனக்குத் தோதுப்படும் (நான் இப்போது ஆசிரியை). பிப்ரவரி 18 சனிக்கிழமை முதல் 25 வரை. அம்மாவால் மாடி ஏற முடியாது, அதனால் ஸ்கீ அறைக்குப் பக்கத்திலிருக்கும் கீழ் அறை கிடைத்தால் நல்லது.

நானும் உங்களிடம் ஒரு ஜோடி ஸ்கீ வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்க்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு காலில் மாட்டியதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவை அந்தச் செங்குத்தான ஏழாம் சறுக்குத் தடத்துக்கு இழுத்துப் போனவள் நான்தானே.

அன்புடன்,
ரோஸ்விதா


ஹிண்டர்கார்,
21 செப்டம்பர் 1994

மதிப்புக்குரிய செல்வி ரோஸ்விதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நினைவு வைத்து எழுதியதற்கு நன்றி.

தாங்கள் குறிப்பிட்ட வாரத்தில் எங்களிடம் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. டச்சுக்காரர்கள் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கீழ் அறையில் ஈரம் வேறு, வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. பனியையும் இப்போதெல்லாம் நம்புவதற்கில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மின்தூக்கி வைத்த நல்ல ஹோட்டல்கள் வந்திருக்கின்றன, பட்டியல் இணைத்திருக்கிறேன்.

தங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கம். குளிரில் கால் வலிக்கிறதா அவருக்கு?

ரூபர்ட் லாக்னர்


லின்ஸ்,
2 அக்டோபர் 1994

ரூபர்ட் மாமா,

பட்டியலுக்கு நன்றி. அதைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிற பையன் ஒரு காரணம் சொன்னால் நம்புவேன், நான்கு சொன்னால் நம்ப மாட்டேன். நீங்கள் டச்சுக்காரர், ஈரம், பனி, மின்தூக்கி என்று நான்கு சொல்லியிருக்கிறீர்கள். என்னோடு வேலை பார்க்கும் எடெல்ட்ராடை விட்டு அதே வாரத்துக்கு அறை கேட்டு போன் போடச் சொன்னேன். பர்கி அத்தை, "வாங்க வாங்க, மூணு ரூம் சும்மாத்தான் கெடக்கு, எது வேணும்?" என்றிருக்கிறார். பிறகு நானே கூப்பிட்டேன். "அவரு காட்டுக்கு விறகு பாக்கப் போயிருக்காரு கண்ணு" என்றார். பின்னால் நீங்கள் இருமுவது கேட்டது. ஒன்பது குளிர்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட இருமல் எனக்குத் தெரியாதா?

அதைவிட அந்த "செல்வி", "அவர்கள்", "தாங்கள்". முதல் வருடம் அம்மா உங்களை "நீங்கள்" என்றதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆயிரம் மீட்டர் ஒசரத்துக்கு மேல வந்துட்டா யாரும் யாருக்கும் நீங்க கெடையாதும்மா. மந்திரி வந்தாலும் நீ, வா, போ தான்." அரசாங்க உத்தியோகக்காரி அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்போது எனக்கு "தாங்கள்" வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று புரிகிறது. நான் அந்த வீட்டுக்குள் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் பனி ஈரமாக, கனமாக இருந்தது. "எனக்குச் சுலபமான நீலத் தடம் போதும்டி" என்று அம்மா சொன்னாள். எனக்குப் பதினாறு வயது. "பயந்தாங்கொள்ளி, நீ மாடிப்படி ஏறித் தபால் போடத்தான் லாயக்கு" என்று சொன்னேன். வந்தாள். பாதித் தடத்தில், நாற்காலியில் உட்காருவதுபோல் மெதுவாக விழுந்தாள். அவ்வளவு மெதுவாக விழுந்தவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஸ்கீ காலை விடவில்லை. உடம்பு ஒரு பக்கமும் ஸ்கீ ஒரு பக்கமுமாகத் திரும்பி, கால் முறிந்தது. நான் சிரித்ததை அம்மா பார்த்தாள்.

மறுநாள் உங்கள் ஸ்கீ அறையில் அந்தப் போலீஸ்காரர் அம்மாவின் ஸ்கீயை மேசையில் வைத்து, காலணியைப் பிடிக்கும் பைண்டிங்கைக் கருவி வைத்துப் பார்த்தார். "அம்பத்துநாலு கிலோவுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கு. பைண்டிங் மேல தப்பில்ல" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கூட்டிட்டுப் போனது நீயா? உங்கம்மாவுக்கு அந்தத் தடத்துல என்ன வேலை?"

நீங்கள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே போய் கோகோ கலந்து என் கையில் கொடுத்தீர்கள். அன்று என்னைத் திட்டாத ஒரே ஆள் நீங்கள்தான். இத்தனை வருடமும் அந்த ஒரு கோப்பைக்காக உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த "இடமில்லை" இவ்வளவு உறைக்கிறது.

அம்மாவுக்குத் தபால் போட நடந்து போகும் வேலை போயிற்று. பதின்மூன்று வருடமாக உட்கார்ந்த இடத்தில் கடிதம் பிரிக்கிறாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப் போக ஆசிரியர்கள் முறை வைத்துப் போவார்கள். என் முறை வரும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல். தலைமையாசிரியர் இப்போது "காய்ச்சல் எப்ப வருதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க டீச்சர்" என்று கேட்கிறார்.

நான் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் அறை கொடுங்கள். பஸ் ஏற்றி விடுகிறேன்.

ரோஸ்விதா


ஹிண்டர்கார்,
20 அக்டோபர் 1994

ரோஸிக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றும் அடுப்பில்.

உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியபின் பார்க்கிறேன், இது பொய். தோன்றியது. தோன்றும்போதெல்லாம் எழுந்து விறகு பிளக்கப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

பர்கி உன் கடிதத்தைப் படித்தாள். "ஏய்யா, அந்தப் பொண்ணு என்ன உன் சொத்தையா கேட்டுச்சு? ஒரு ரூம் கேட்டுச்சு. காட்டுக்குப் போயிருக்கான்னு என்னையும் பொய் சொல்ல வெச்சியே" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு பேரும் வாருங்கள். கீழ் அறை உங்களுக்குத்தான். ஈரம் கீரம் எதுவும் இல்லை. தச்சனை வரச்சொல்லி வாசற்படிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருக்கிறேன். பேட்ஜ் விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன், சுற்றுலாக் கமிட்டியில் நானும் ஒருத்தன்.

ஸ்கீ மட்டும் என்னிடம் எடுக்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு கடை இருக்கிறது, அங்கே எடு. நான் பைண்டிங் திருகுவதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. என் வீட்டு விருந்தாளிகளையும் அங்கேதான் அனுப்புகிறேன். கண் சரியில்லை.

பழசைக் கிளறாதே. அம்மாவிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ரூபர்ட்


லின்ஸ்,
6 நவம்பர் 1994

அன்புள்ள ரூபர்ட் மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். அம்மா, "வெங்காயம் நறுக்காமலே அழுவுறியே, கெட்டிக்காரிதான்" என்றாள். அறை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டாள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்றால் கேட்பதில்லை. வழியில் எங்கே பஸ் மாற வேண்டும், எந்த நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று ஒரு அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். பிறந்தநாளுக்கு கேக் வேண்டாமாம். பர்கி அத்தை கையால் பிய்த்துப் போட்ட இனிப்பு அடையும் பிளம் குழைவும் வேண்டுமாம். "பாத்திரத்தோட கொண்டாந்து நடுவுல வைக்கச் சொல்லு. தட்டுல போட்டுக் குடுத்தா ஹோட்டல்."

நேற்று சனிக்கிழமை, அம்மா எடை பார்த்த நாள். உங்களுக்கு இது தெரியாதே. தபால் நிலையத்துப் பழைய பார்சல் தராசு ஒன்றை ஏலத்தில் எடுத்து வீட்டில் வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் இருபது வருடம் அலுவலகத்திலேயே சனிக்கிழமை தவறாமல் ஏறி நிற்பாள். எடை விஷயத்தில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம். "இந்த ஊர்ல எந்தப் பொம்பளையாவது உள்ளதைச் சொல்லியிருக்காளா? அஞ்சு கிலோவை முழுங்கிட்டுத்தான் வாயைத் தெறப்பா. நான் சொன்னா சொன்னதுதான். கிராம் தப்பாது." நேற்று அறுபத்தொன்று. நடக்காததால் ஏறிய சதை என்று தராசையே முறைத்தாள்.

ஸ்கீ விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரைக் கடை எனக்கு வேண்டாம். உங்கள் கண் சரியில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு திருகுங்கள். திரும்பவும் மாட்டுவதென்றால் உங்கள் கையால் சரிபார்த்ததைத்தான் மாட்டுவேன். வேறு யாரையும் நம்பி என்னால் அந்தச் சரிவில் நிற்க முடியாது.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அவள் காலைத் தேய்த்து விடுகிறேன், ஆனால் வாய் வரவில்லை. கேட்டால் "ஆமாம், நீதான்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பிறந்தநாளன்று ஏழாம் தடத்தின் அடிவாரத்துக்கு அவளைக் கூட்டிப் போய், அங்கே வைத்துக் கேட்கப்போகிறேன். பழசைக் கிளறாதே என்கிறீர்கள். கிளறத்தான் வருகிறேன் மாமா. பக்கத்தில் நீங்கள் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
ரோஸி


ஹிண்டர்கார்,
27 நவம்பர் 1994

ரோஸி,

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பர்கி பச்சை வளையத்தில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை. உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது.

நீ உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. உனக்கு அதில் வேலை இல்லை. அது என்னுடையது.

பைண்டிங் என்பது என்ன, விழும்போது திறந்து காலை விட்டுவிட வேண்டும், அதற்குத்தான் அது. எவ்வளவு இறுக்கினால் எப்போது விடும் என்பதற்கு ஆளின் எடைதான் கணக்கு. இந்த ஊரில் ஸ்கீ வாடகைக்கு விடுகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பெண்கள் எடை சொன்னால் அதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்வோம். நகரத்துப் பெண்கள் என்றால் எட்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அப்பா செய்தார், நான் செய்தேன். சாராயக் கடை மேசையில் அதைச் சொல்லிச் சிரிப்போம். "வியன்னாக்காரி அம்பதுன்னா, நீ ஒரு கன்னுக்குட்டியையும் சேத்து எழுதிக்கடா."

முதல் எட்டு வருடம் உங்கள் இருவருக்கும் ஸ்கீ சொந்தம். அந்த வருடம்தான் உன் அம்மாவின் பழைய ஸ்கீ உடைந்துபோய் என்னிடம் வாடகைக்கு எடுத்தார். கேட்டேன். "ஐம்பத்துநாலு" என்றார், நிமிர்ந்து நின்று. நான் வாடகை அட்டையில் ஐம்பத்துநாலு என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் எட்டைக் கூட்டினேன். அறுபத்திரண்டு கிலோ பெண்ணுக்கு இறுக்குவதுபோல் இறுக்கினேன். ஒன்பது வருடம் என் வீட்டில் தங்கியவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை தானாகக் கூட்டியது.

அவர் விழுந்த அன்று சாயங்காலம் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் காலில் ஒரு பலகை தொங்கியது. மயக்க மருந்து கொடுப்பதற்காக எடை பார்த்து எழுதியிருந்தார்கள். ஐம்பத்துநாலு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா மயக்கத்திலேயே, "ரோஸிக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்று கேட்டார்.

இதுவரை நடந்தது தப்பு. இனிமேல் எழுதப்போவது பாவம்.

மறுநாள் காலை போலீஸ்காரர் வருவதற்கு முன்னால், நான் ஸ்கீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் திருகைப் பின்னால் திருப்பினேன். ஐம்பத்துநாலுக்குச் சரியாக வரும்வரை திருப்பினேன். இரண்டு நிமிட வேலை. அவர் அளந்தபோது ஸ்க்ரூ டிரைவர் என் ஏப்ரன் பையில் இருந்தது. அவர் உன்னைக் கேட்டது என் காதில் விழுந்தது. நீ அழாமல் நின்றாய். வாயைத் திறந்தால் கடை போகும், பேர் போகும், அந்த வருடத்து விருந்தாளிகள் போவார்கள் என்று நினைத்தேன். சின்னப் பெண், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். அதனால் கோகோ போட்டேன்.

எட்டைக் கூட்டாமல் இருந்தால் அது திறந்திருக்குமா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஒருவேளை திறந்திருக்காது. ஆனால் மெதுவாக விழுந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். இறுக்கிய பைண்டிங் வேகமாக விழுந்தால்கூடத் திறந்துவிடும், மெதுவாக விழும்போதுதான் திறக்காது. இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அன்றோடு திருகுவதை விட்டேன், அவ்வளவுதான்.

அந்த அட்டையை நான் எரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலைப் பார். நீ என்ன செய்தாலும் சரி.

ரூபர்ட் லாக்னர்


லின்ஸ்,
1 டிசம்பர் 1994

திரு லாக்னர்,

அறை வேண்டாம். ரத்து செய்துவிடுங்கள்.

நான் இரண்டு கல்யாணப் பேச்சை வேண்டாம் என்றேன். காரணம் கேட்டவர்களிடம், அம்மாவை யார் பார்ப்பது என்றேன். அவளை அப்படி ஆக்கியவள் நான், அதனால் என் கடன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்னொருத்தர் பென்சிலில் கூட்டியதற்காக.

எனக்குப் பதினாறு வயது. நீங்கள் இரண்டடி தள்ளி நின்றீர்கள்.

கடிதம் போடாதீர்கள்.

ரோ. வி.


ஹிண்டர்கார்,
18 டிசம்பர் 1994

ரோஸ்விதாவுக்கு,

போடாதே என்றாய். இது ஒன்று மட்டும். பதில் எதிர்பார்க்கவில்லை.

பர்கியிடம் சொன்னேன். "பதிமூணு வருஷம் என் பக்கத்துல படுத்து எந்திரிச்சிருக்க. விறகு பிளந்து பிளந்து எனக்கு ஒரு மலை கட்டி வெச்சிருக்க. நான் அதை நீ பாசத்துல செய்யறன்னு நெனச்சேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு வருகிறது.

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தப் பழைய ஆள் ஓய்வு பெற்று மருமகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் போனேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அந்தப் பொண்ணைத் திட்டிட்டேனேடா" என்றார். நிலையத்தில் இருந்த இளைய அதிகாரி எழுதி வாங்கிக்கொண்டு, வழக்குப் போடும் காலக்கெடு கடந்துவிட்டது, இதன்மேல் எதுவும் செய்ய முடியாது என்றார். எனக்கு அது நிம்மதியாக இல்லை. நகல் அனுப்புகிறேன். அதில் உன் பேரில் குற்றமில்லை என்று முத்திரையோடு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாராயக் கடை மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆற்றங்கரைக் கடைக்காரன், "விடுப்பா, எல்லாரும் பண்ணறதுதானே" என்றான். "அதைத்தாண்டா சொல்றேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று சீட்டாட்டமும் நடக்கவில்லை.

கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். கைப்பிடி போட்டு முடித்தாயிற்று. பர்கி கீழ் அறையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். போனில் கேட்டவர்களிடம் நிரம்பிவிட்டது என்று சொல்வதைக் கேட்டேன்.

ரூபர்ட்


லின்ஸ்,
8 ஜனவரி 1995

திரு லாக்னர்,

உங்கள் இரண்டு கடிதங்களையும் அந்த அட்டையையும் பூகோளப் புத்தகத்துக்குள் இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு இந்த வருடம் பனி சரியில்லை, ஹிண்டர்கார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். டச்சுக்காரர்களையும் துணைக்குக் கூப்பிட்டேன். அப்போதுதான் யார் மாதிரிப் பேசுகிறேன் என்று எனக்கே உறைத்தது.

முந்தாநாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, பாட்டுப் பாடி வந்த பிள்ளைகள் எங்கள் கதவில் சுண்ணக்கட்டியால் வருடத்தை எழுதிவிட்டுப் போனபின், அட்டையை அம்மா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டாள். முப்பது வருடம் முகவரி படித்த கண். "இது ரூபர்ட் கையெழுத்தாச்சே" என்றாள். பிறகு ஓரத்துப் பென்சிலைப் பார்த்தாள். "அறுபத்திரண்டா? என்னையா?" என்றாள். முதலில் அதற்குத்தான் கோபம் வந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும். எழுந்து போய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினாள், கழுவியதையும் கழுவினாள். திரும்பி வந்து, "அப்ப இத்தனை வருஷமா நீதான் பண்ணிட்டன்னு நெனச்சுக்கிட்டா இருந்த?" என்று கேட்டாள்.

"ஆமா."

"லூசாடி நீ? பயந்தாங்கொள்ளின்னு நீ சொன்னதுக்கா நான் வந்தேன்? ஏழாம் தடத்துக்கு மேல நின்னா அந்தப் பக்கத்து ஏரி தெரியும்னு பர்கி சொன்னா. பாக்கணும்னு எனக்கு ஆசை. அதான் வந்தேன். பாத்தேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

நான் சிரித்ததைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம்தான் அழுதாள், காலுக்காக அல்ல. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேடி. நானும் கேக்கல. நீ ஸ்கீயை வித்தப்ப, பொண்ணு பெரியவளாயிட்டா, வேற ஆசை வந்துடுச்சுன்னு நெனச்சேன். உன் ரெண்டு கல்யாணத்தையும் அப்படித்தான் நெனச்சேன்." இதைக் கேட்டபின் உங்கள் மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஒரே மேசையில் பதின்மூன்று வருடம் உட்கார்ந்து கேட்காமல் இருந்தவள் நான். அதை நீங்கள் திருகிவிடவில்லை.

உங்களைப் பற்றி அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்: "என் காலுக்கு அவனை ஒரு நாள் திட்டினா போதும். எம் பொண்ணை ஊரான் திட்டறப்ப வாயை மூடிக்கிட்டு நின்னானே, அதுக்கு ஒரு வாரம் திட்டணும். அதனால ஒரு வாரத்துக்கு ரூம் வேணும்னு எழுது. பேட்ஜை அவன் கையால குத்தக் கூடாது. பர்கி குத்தணும்."

ஆகவே பிப்ரவரி 18 முதல் 25 வரை, கீழ் அறை, இரண்டு பேர். இனிப்பு அடை பாத்திரத்தோடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் அது இன்னொரு பொய். உங்கள் ஊர் ஆயிரத்து இருநூறு மீட்டர். அங்கே வந்து நின்றபின் வாயில் "நீங்கள்" வருகிறதா "நீ" வருகிறதா என்று பார்க்கலாம்.

இந்த வருடம் மார்ச்சில் பள்ளி முகாம் என் முறை. காய்ச்சல் வராது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். அதற்குமுன் நான் ஒரு தடவையாவது ஸ்கீயில் நின்றாக வேண்டும். ஆற்றங்கரைக் கடைக்குப் போக மாட்டேன். நீங்கள்தான் திருக வேண்டும். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள்.

உங்கள் அட்டைக்கான விவரம்: வயது முப்பது. உயரம் நூற்று அறுபத்தொன்பது. காலணி நாற்பது. எடை, நேற்று சனிக்கிழமை அம்மாவின் பார்சல் தராசில் நின்று பார்த்தது ("எறங்குடி, தராசு பாவம்" என்றாள்), எழுபத்தொரு கிலோ.

எதையும் கூட்டாதீர்கள்.

ரோஸி